புதுப்பிப்பு: ஆஸ்கிடாக் எண் பட்டியல் நடுவில் மறுபடி 1 ஆவது - தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக: ஆஸ்கிடாக்கில் (எளிய குறிகள் போட்டு ஆவணம் எழுதும் முறை) எண் பட்டியலின் 3ஆம் படிக்குக் கீழே கோட் பிளாக் (நிரல் வரிகளைக் காட்டும் தனிப் பகுதி) போட்டால், அடுத்த படி 4 ஆகாமல் திரும்ப 1 என்று வந்தது. அதுதான் என் கேள்வி.

வேலை செய்தது இரண்டாவதாக வந்த யோசனை. படியின் வரிக்கும் பிளாக்குக்கும் நடுவே, தனி வரியில் ஒரு + குறி, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பிளாக் தொடங்கும் இடத்திலேயே பட்டியல் முடிந்துவிடுகிறது. பிளாக்கை நாலு இடம் உள்ளே தள்ளியும் பார்த்தேன் (இதே போன்ற இன்னொரு முறையான மார்க்டவுனின் பழக்கம், விடவில்லை). எண் சரியானது, ஆனால் பிளாக்கின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் ---- என்ற எல்லைக் கோடுகளும் பக்கத்தில் அப்படியே தெரிந்தன.

எதிர்பாராத ஒன்று: 5ஆம் படிக்குள் ஒரு துணைப் பட்டியல் இருந்தது. அதற்குப் பிறகு + போட்டுச் சேர்த்த குறிப்பு, 5ஆம் படியோடு சேராமல் துணைப் பட்டியலின் கடைசி வரியோடு ஒட்டிக்கொண்டது. + குறிக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டதும் ஒரு மட்டம் மேலேறிச் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வெற்று வரியைப் பின்னால் யாராவது 'சுத்தம்' செய்துவிடுவார்கள் என்று பயம். அதனால் துணைப் பட்டியலுக்கு முன் ஒரு + வைத்து, அந்தத் துணைப் பட்டியலை -- என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே அடைத்துவிட்டேன். ஆஸ்கிடாக்டரில் (ஆஸ்கிடாக் கோப்பைப் பக்கமாக மாற்றும் மென்பொருள்) சரியாக வருகிறது.