முலுண்ட்–டோம்பிவிலி சொந்தங்கள் (மும்பைப் பக்கத்து உறவினர்களின் அரட்டைக் குழு)

மீனா: பெரியப்பா, ‘சதுரங்கக் குதிரை’ முடித்துவிட்டேன். மனசே சரியில்லை.

கார்த்தி: செஸ் புத்தகமா அக்கா?

மீனா: நாவல்டா! நாஞ்சில் நாடன் எழுதியது. நாராயணன் என்று ஒருவர் பம்பாய்க்கு வேலைக்கு வருகிறார். கல்யாணப் பேச்சு வருவதும் தட்டிப்போவதுமாக வயசு ஏறிவிடுகிறது. பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்க உட்கார்ந்து படித்தேன். தானேயில் ஏறிய கூட்டம் இடித்ததுகூட உறைக்கவில்லை.

பெரியப்பா: அவர் நம்ம நாகர்கோவில் பக்கம்தான் மக்கா, வீரநாராயணமங்கலம். பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தார். முதல் நாவல் 1977-ல். பேச்சு அப்படியே நம்ம வீட்டுப் பேச்சு.

மீனா: அது சரி. ஆனால் நாராயணனுக்கு இந்த ஊர் வெறும் லாட்ஜ் மாதிரி இருக்கிறது. அடுத்ததாக அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ படித்ததால் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அதில் சுதா குப்தா என்று ஒரு துப்பறியும் பெண். அவளுக்கு மும்பைதான் வீடு, வாசல் எல்லாம்.

கார்த்தி: துப்பறியும் கதையா! கொலை உண்டா?

மீனா: கொலையை நம்பிப் போனால் ஏமாந்துபோவாய். யார் செய்தது என்பதைவிட வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் அம்பைக்குக் கண். மூன்றே கதைகள், இன்னும் நாலு எழுதியிருக்கலாம்.

கார்த்தி: அவருக்குத்தானே 2021 சாகித்திய அகாதெமி விருது?

மீனா: ஆமாம், அது ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’க்கு.

பெரியப்பா: லாட்ஜ் என்று லேசாகச் சொல்லிவிட்டாய். ஒரு ரூமில் ஆறு பேர் கிடந்தோம். நாகர்கோவில் போக டிக்கெட் கிடைத்ததா, லீவு கிடைத்ததா, வருஷம் பூரா இதுதான் பேச்சு. அவர் எழுதியது நிஜம்.

மீனா: நிஜம்தான் பெரியப்பா. அப்புறம் ஏன் ரிட்டயர் ஆகியும் முலுண்டை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள்?

பெரியப்பா: பேரனுக்கு ஸ்கூல் இருக்கிறதே.

சித்தி: பேரனா? சாயங்காலம் சீட்டு ஆட ஆள் கிடைக்காதே, அதைச் சொல்லுங்கள் அத்தான் 😂

கார்த்தி: அக்கா, அம்பை புத்தகம் எனக்கு. என் ஆபீஸே அந்தேரியில்தான்.

மீனா: ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வா, தருகிறேன். பக்கத்தை மடக்கினால் அடுத்த புத்தகம் கிடையாது.

சித்தி: மாட்டுங்காவா? அங்கே நம்ம ஊர்க் காய் கிடைக்குமே. எனக்கு ஒரு வாழைப்பூ, நல்ல முருங்கைக்காய் நாலு.