புதுப்பிப்பு: வண்ணக் கண்ணாடி வளையம் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம்

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில், ஆரோஸ் கலை அருங்காட்சியகத்தின் கூரைமேல் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் அமைத்து 2011-இல் திறக்கப்பட்ட வண்ணக் கண்ணாடி வட்டப்பாதையைப் பற்றி இவ்விழையில் எழுதியபோது, சிவப்புக் கண்ணாடி பிற நிறங்களைத் தடுப்பதால் நகரம் சிவப்பாகத் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியானால் சிறிது நேரம் நின்றதும் அந்தச் சிவப்பு ஏன் வெளிறுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது, என் விளக்கம் பாதிதான்.

கண்ணாடி மாறுவதில்லை, நம் பார்வைதான் மாறுகிறது. விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்களுள், சிவப்பு போன்ற நீண்ட அலைநீள ஒளிக்கு மிகுதியாகத் துலங்குபவை, ஒரே நிற ஒளி தொடர்ந்து படும்போது தம் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றன. மூளையும் அந்த நிறத்தையே இயல்பான வெளிச்சமாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அதனால்தான் சிவப்புப் பகுதியிலிருந்து வெளியேறி ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அதில் இல்லாத நீலப்பச்சைச் சாயல் சற்று நேரம் தோன்றுகிறது.

ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நிறங்கள் படிப்படியாக மாறுவதால், மெல்ல நடப்பவரைச் சூழ்ந்த நிறம் மங்கியும் தொலைவிலுள்ள நிறங்கள் செறிந்தும் தெரியும். ஆகவே நடையின் வேகமும் இந்தச் சிற்பத்தின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன். (முன்பு இதை வெறும் காட்சிமாடம் என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன்.)

எலியாசனின் 1997-ஆம் ஆண்டுப் படைப்பான ஒற்றை மஞ்சள் ஒளி அறையை இதனோடு சேர்த்துப் பேசியதும் பிழை. அங்கே நிறங்கள் மறைவதற்கு முதற்காரணம் கண்ணின் தகவமைப்பு அன்று. அந்த விளக்குகளின் ஒளியில் பிற அலைநீளங்களே இல்லாததுதான்.