சஞ்சிக்கூலி: இந்தச் 'சஞ்சி' பையா, ஒப்பந்தமா?

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்தில் இருந்த எங்கள் ஆயா, "எங்க தாத்தா சஞ்சிக்கூலியா மலாயாவுக்குக் கப்பல் ஏறினவரு" என்று அடிக்கடி சொல்லுவார். துணிமணியைச் சஞ்சியில், அதாவது பையில், போட்டுக்கொண்டு போனதால் அந்தப் பெயர் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெலுங்கிலும் சஞ்சி என்றால் பைதான். நம் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு என்பதால் சந்தேகமே வரவில்லை.

போன வாரம் மலேசியத் தமிழர் ஒருவர் வேறு விளக்கம் சொன்னார். மலாய் மொழியில் 'ஜஞ்சி' என்றால் வாக்குறுதி, ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் கட்டுண்டு தோட்ட வேலைக்குப் போனவர்தான் சஞ்சிக்கூலியாம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. பிஜிக்குப் போனவர்களைக் கிர்மிட்டியா என்றதும் 'அக்ரிமெண்ட்' திரிந்துதானே! மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவது 1910இல் நின்றது. ஆயாவின் தாத்தா காலத்தோடு அது பொருந்துகிறது.

ஆனால் மலாய்ச் சொல் ராயபுரத்து வீட்டுக்குள் எப்படி வந்தது? திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்ததா, இங்கே ஆள் சேர்த்தவர்களே சொன்னதா?

காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், உச்சரிப்பு உட்பட. பழைய கடிதத்திலோ பத்திரத்திலோ இந்தச் சொல் இருந்தால் அந்த வரியை மட்டும் படம் எடுத்துப் போட்டாலும் போதும். ஆயாவிடம் கேட்க இனி வழியில்லை.