எம்.ஆர். ஜேம்ஸ் கதையை 35 நிமிடப் படமாக்கும்போது "ஒருவர் சொல்லக் கேட்டது" என்பதை என்ன செய்வது?

கதவோரம் கேட்டது:

எம்.ஆர். ஜேம்ஸ் ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர். பிபிசி 1971இலிருந்து 1978 வரை, வருடத்துக்கு ஒன்றாகக் கிறிஸ்துமஸை ஒட்டி ஒளிபரப்பிய 'எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்துமஸ்' வரிசையின் எட்டுப் படங்களையும் மூலக்கதைகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் ஐந்தும் எம்.ஆர். ஜேம்ஸ், ஆறாவது டிக்கன்ஸ், கடைசி இரண்டும் தொலைக்காட்சிக்கென்றே எழுதியவை. ஜேம்ஸ் கதை ஒன்றை 35 நிமிடத் திரைக்கதையாக்கும் வேலை கையில் இருக்கிறது. மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது, ஜேம்ஸ் எதையும் நேராகச் சொல்வதில்லை. 'எ வார்னிங் டு தி க்யூரியஸ்' கதையில் ஊரை வர்ணிப்பவர் ஒருவர், அவருக்கு நடந்ததைச் சொல்பவர் இன்னொருவர், அவரிடம் தன் கதையைக் கொட்டுபவன் பாக்ஸ்டன். இதை அப்படியே எழுதினால் மூன்று பேர் உட்கார்ந்து பேசும் படம்தான் வருகிறது. வெட்டினால் கேள்விப்பட்ட கதைக்கே உரிய குளிர் போய்விடுகிறது. இரண்டாவது, பேயை எத்தனை முறை, எவ்வளவு நேரம் காட்டுவது? மூன்றாவது, 35 நிமிடத்துக்கு எத்தனை பக்கம் எழுதுவது?

ஆறு நாள் படப்பிடிப்பு. இரவுக் காட்சிக்குப் பெரிய விளக்குகள் கிடையாது. பார்க்கப்போகிறவர்களில் பாதிக்கு மேல் செல்போனில்தான் பார்ப்பார்கள். கதை உரிமை பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுக்கட்டு:

நீங்கள் சொன்ன கதையிலேயே விடை இருக்கிறது. 1972 டிசம்பர் 24 அன்று ஒளிபரப்பான அந்த 50 நிமிடப் படத்தில் இயக்குநர் லாரன்ஸ் கார்டன் கிளார்க் செய்த முதல் வேலை, நிகழ்ச்சிகளைக் காலவரிசைக்கு மாற்றியது. ஜேம்ஸ் கதையில் பாக்ஸ்டன் அறைக்குள் வரும்போதே, மண்ணுக்குள் இருந்த பழங்காலக் கிரீடத்தைத் தோண்டி எடுத்துவிட்டான். தேடியது, தோண்டியது எல்லாம் அவன் வாயால் வருகிறது. படத்தில் அவன் ஊருக்கு வந்து இறங்குவதிலிருந்து தோண்டுவது வரை கூடவே போகிறோம். சொல்லக் கேட்பவராக இருந்தவர் பக்கத்து அறை விருந்தாளியாகிவிடுகிறார்: கிளைவ் ஸ்விஃப்ட் நடித்த டாக்டர் பிளாக். முந்தைய வருடப் படமான 'தி ஸ்டால்ஸ் ஆஃப் பார்செஸ்டர்'இல் பழைய ஏடுகளைப் புரட்டி மர்மத்தை வெளியே கொண்டுவந்தவரும் இவர்தான். அதாவது கதைசொல்லியை ஒழித்துவிடவில்லை, நடமாடும் சாட்சியாக ஆக்கிக்கொண்டார்கள். அடுக்கை வெட்டும்போது அந்த அடுக்கில் இருந்த ஆளுக்குப் படத்துக்குள் ஒரு வேலை கொடுங்கள்.

இரண்டாவது மாற்றம் இதைவிட முக்கியம். கதையில் பாக்ஸ்டன் இளைஞன். படத்தில் பீட்டர் வாகன் நடித்தவர் வேலை இழந்த நடுத்தர வயது எழுத்தர். ஜேம்ஸின் ஆட்கள் பெரும்பாலும் ஆர்வக்கோளாறால் தோண்டுகிறவர்கள். வாசகருக்கு அது போதும், ஏனென்றால் வாசகரும் அதே ஆர்வத்தோடுதான் பக்கத்தைப் புரட்டுகிறார். திரையில் ஒரு முகத்தை 35 நிமிடம் பார்க்க வேண்டுமென்றால் அந்த முகத்துக்கு ஒரு தேவை இருந்தாக வேண்டும். கையில் காசில்லாத மனிதன் கிரீடத்தைத் தொடும்போது 'தொடாதே' என்றும் 'எடுத்துக்கொள்' என்றும் ஒரே நேரத்தில் தோன்றும். அந்த இரட்டை மனம்தான் படத்தை நடத்துகிறது.

1974இல் 'தி ட்ரெஷர் ஆஃப் அபாட் தாமஸ்' படத்துக்கு எழுதிய ஜான் பவன் இதையே வேறு வழியில் சாதித்தார். கதையில் புதையல் ஜெர்மனியில், ஒரு கிணற்றுக்குள். படத்தில் எல்லாம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. வெல்ஸ் தேவாலயத்தில் எடுத்தார்கள். ஆவியுடன் பேசுவதாக ஏமாற்றுகிறவர்களை நாயகன் சாமர்டன் அம்பலப்படுத்தும் காட்சி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். கதையில் இல்லாத காட்சிக்கு அவ்வளவு நிமிடம் எதற்கு என்று தோன்றலாம். அந்த ஒரு காட்சியில் அவருடைய அறிவும் தெரிகிறது, அகந்தையும் தெரிகிறது. அப்புறம் அவர் புதையலுக்காக நிலத்தடி வடிகாலுக்குள் கை விடும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை.

கைவைக்கக் கூடாத இடமும் உண்டு: பேயைக் கூப்பிடும் செயல். 'விசில் அண்ட் ஐ வில் கம் டு யூ' கதையில் பேராசிரியர் விசிலை ஊதுகிறார். ஊதுவது ஒரு செயல், அதற்கு ஒரு பதில் வருகிறது. 1968இல் ஜோனதன் மில்லர் எடுத்தபோது நாயகனை வயதானவராக்கினார், பாதி வசனத்தை மைக்கேல் ஹோர்டர்னின் முணுமுணுப்பாக்கினார், ஆனால் விசிலை விட்டுவைத்தார். 2010 பதிப்பில் விசிலுக்குப் பதில் மோதிரம் வந்தது. ஜான் ஹர்ட் அருமையாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் மோதிரத்தை எடுத்தால் எடுத்ததோடு சரி, யாரையும் அழைத்ததாக ஆகாது. அந்தப் படத்தின் நடுப்பகுதி தளர்ந்துபோவதற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

பக்கக் கணக்கு: ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கம் இந்த வகைக்குப் பொருந்தாது. "அவன் தோப்பு வழியே நடக்கிறான். பின்னால் யாரோ." இது இரண்டு வரி, திரையில் ஒன்றரை நிமிடம். 35 நிமிடத்துக்கு 24 முதல் 26 பக்கம் எழுதுங்கள். 35 பக்கம் எழுதினால் படத்தொகுப்பில் முதலில் வெட்டுப்படுவது அந்த நடைகள்தான், பயம் இருப்பதும் அங்கேதான். ஆறு நாளுக்கு 25 பக்கம் என்றால் நாளுக்கு நாலேகால் பக்கம், முடியக்கூடியதே. இடங்களை மட்டும் நான்குக்கு மேல் போக விடாதீர்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் போய்விடும்.

ஒளிமானி:

நான் கேமரா பக்கம் மட்டும் சொல்றேன்.

அந்தக் காலத்து பிபிசி நாடகங்கள்ல உள்காட்சி ஸ்டுடியோவுல வீடியோ, வெளிக்காட்சி ஃபிலிம்னு கலந்து வரும். வாசலைத் தாண்டினதும் படத்தோட தோலே மாறும். இந்த வரிசை முழுசா 16 மிமீ ஃபிலிம், நிஜ இடங்கள். கட்டடம், மணல், மரம் எல்லாம் ஒரே உலகமா தெரியறதுக்கு அதுதான் காரணம். உங்களுக்கும் இதே எச்சரிக்கை: உள்ளே ஒரு கேமரா, வெளியே ட்ரோன்னு கலக்காதீங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலேயிருந்து பார்த்துட்டா அந்த இடத்துல ஒளிய இடமில்லைன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

தூரத்துல நிக்கிற உருவம்தான் 'வார்னிங்' படத்தோட உயிர். செல்போனுக்கு அதைக் கணக்குப் போட்டே வைக்கணும். சூப்பர் 35 சென்சார் (சினிமா கேமராவுல வழக்கமான அளவு), 85 மிமீ லென்ஸ், ஆள் 150 மீட்டர் தள்ளி: சட்டகத்தோட உயரத்துல ஆள் சுமார் 7 சதவீதம் வருவார். செல்போனைப் படுக்கவைச்சா படத்தோட உயரம் 6 செ.மீ.ன்னு வைங்க, ஆள் 4 மிமீ. தெரியும். அதே இடத்துல 35 மிமீ லென்ஸ் போட்டா 3 சதவீதத்துக்குக் கீழே, 2 மிமீகூட இல்லை. போச்சு. வெளிர் மணல்ல கறுப்பு உடுப்பு, அசையாம, 4 விநாடி. நாயகன் அந்தப் பக்கம் திரும்பறதுக்கு முந்தியே பார்க்கிறவர் கண்ணுல படணும். நாயகன் பார்த்ததும் வெட்டிடுங்க.

விளக்கு இல்லாட்டி பகல்ல எடுத்து இரவாக்கலாம், ஆனா விதி இருக்கு. வெயில் ஆளுக்குப் பின்னாலிருந்து வரணும், முகத்துல நேரா விழக்கூடாது. வானம் சட்டகத்துக்குள்ள வரவே கூடாது, வந்தா அங்கேயே பொய் தெரியும். வெள்ளைச் சமநிலையை (வொயிட் பேலன்ஸ்) 3200 கெல்வின்ல வைங்க, ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதி) குறைச்சு எடுங்க. அதுக்கு மேல கேமராவுல குறைக்காதீங்க. நிழல்ல இரைச்சல் ஏறும், அப்புறம் திருத்த முடியாது. கையில லாந்தர் இருந்தா அதுக்குள்ள பலமான எல்ஈடி வைக்கணும். பகல் வெளிச்சத்துல சாதாரண பல்பு எரியற மாதிரியே தெரியாது.

பலபேர் கோட்டைவிடற இடம் கடைசியில இருக்கு: மூடுபனி, இருட்டு ரெண்டும் இணையத்துக்கு ஏத்தும்போது பட்டை பட்டையாப் பிரியும். 8 பிட்ல நிறப் படிகள் போதாது, சுருக்கும்போது மென்பொருள் அந்த மெல்லிய சாயலைத் தூக்கி எறிஞ்சுடும். தூரத்து உருவமும் அதோட கரைஞ்சுபோகும். 10 பிட்ல எடுங்க, கடைசியில ஃபிலிம்ல தெரியற மாதிரி மெல்லிய புள்ளித் துகள் (கிரெய்ன்) சேருங்க, சோதனைப் பிரதியை ஏத்தி மலிவான போன்ல பகல் வெளிச்சத்துல பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஒலிப்பெட்டி:

செல்போன் ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் வராது. "ம்ம்ம்" என்று அடியில் ஓடும் உறுமல் இசையை நம்பினால் பாதிப் பேருக்கு அந்தக் காட்சி மௌனமாகத்தான் போகும். பயத்தை நடு அலைவரிசையில் வையுங்கள்: சரளை மிதிபடுவது, துணி உரசுவது, இருமல். 'வார்னிங்' கதையில் கிரீடத்தைக் காத்த வில்லியம் ஏகர் காசநோயில் செத்தவன். அந்த ஒரு தகவல் போதும், ஒலிக்கு வேறு பேய் தேவையில்லை.

'லாஸ்ட் ஹார்ட்ஸ்' இதற்கு நல்ல பாடம். கதையில் இத்தாலியச் சிறுவன் கையில் ஹர்டி-கர்டி என்ற சுழல்தந்தி வாத்தியம் இருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. படத்தில் அதன் இசையே செத்த பிள்ளைகள் வருவதற்கு அடையாளம். வாத்தியம் கேட்டதும் திரையில் யாரும் இல்லாவிட்டாலும் உடம்பு விறைக்கிறது.

வெளிப்புறத்தில் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பதியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலி எடுங்கள். பேய் வருவதற்கு 20 விநாடிக்கு முன் பறவை ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட அதுதான் உதவும். ஒரேயடியாக நிறுத்தினால் கோளாறு என்று நினைப்பார்கள்.

இருப்புப்பாதை:

பேயைக் காட்டவே கூடாது என்று இங்கே ஒரு விதி உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை ஏற்க முடியவில்லை. 1973இன் 'லாஸ்ட் ஹார்ட்ஸ்' 35 நிமிடம்தான், உங்கள் அளவேதான். அதில் செத்த பிள்ளைகள் இருவரையும் ஆரம்பத்திலிருந்தே காட்டுகிறார்கள்: நீண்ட நகங்கள், திறந்த நெஞ்சு, முகத்தில் சிரிப்பு. அப்படியும் வேலை செய்கிறது. ஏனென்றால் ஆபத்து அவர்களிடம் இல்லை, அன்பாகப் பேசும் கிழவர் ஆப்னியிடம் இருக்கிறது. பேய் பாதிக்கப்பட்டவர் என்றால் தாராளமாகக் காட்டலாம், நாம் அவர்கள் பக்கம் சாய வேண்டும். பேயே ஆபத்து என்றால்தான் ஒளிக்க வேண்டும்.

இதற்கு மாறாக 1975இன் 'தி ஆஷ் ட்ரீ'. டேவிட் ரட்கினின் எழுத்து பிரமாதம். 1690, 1754 என்று இரண்டு காலம், இரண்டு சீமான்களுக்கும் எட்வர்ட் பெத்தர்பிரிட்ஜ் ஒருவரே. பின்னோக்குக் காட்சி என்று அறிவிக்காமலே காலம் ஒன்றுக்குள் ஒன்று கசிகிறது. ஆனால் முடிவில் மரத்திலிருந்து இறங்கும் சிலந்திப் பிறவிகளைத் தேவைக்கு மேல் காட்டிவிட்டார்கள். பொம்மை என்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது. ஜேம்ஸ் எழுதியதோ இருட்டில் ஏதோ அசைவதையும், கட்டிலிலிருந்து பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஒன்று குதிப்பதையும்தான். அந்த 'மெத்' ஒலியும் 12 சட்டகமும், அதாவது அரை விநாடியும் போதும்.

ஒரே இடம், இரண்டே ஆள் என்றால் 1976இன் 'தி சிக்னல்மேன்'ஐப் பலமுறை பாருங்கள். ஆண்ட்ரூ டேவிஸ் எழுத்து, டென்ஹோம் எலியட் நடிப்பு, 38 நிமிடம். செவர்ன் வேலி ரயில் பாதையில் எடுத்தார்கள், சிக்னல் அறை படத்துக்காகக் கட்டியது. டிக்கன்ஸ் வசனத்தை இவ்வளவு விட்டுவைத்தும் அது பேச்சுப்படமாகவில்லை. காரணம் ஒரு சைகை: ஒரு கை கண்ணை மறைக்க, மறு கை விலகு விலகு என்று வீசுகிறது. அதைச் சிக்னல் ஊழியர் நடித்துக் காட்டுகிறார், பேயுருவம் செய்கிறது, கடைசியில் எஞ்சின் டிரைவர் செய்கிறார். உங்கள் கதையில் அப்படித் திரும்பத் திரும்ப வரக்கூடிய ஓர் உடலசைவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்கள் முதல் கேள்விக்கே அது விடை. ஒருவர் சொல்லக் கேட்டதை இன்னொருவர் உடம்பில் பார்க்கிறோம்.

கதவோரம்:

சைகை இருக்கிறது! 'வார்னிங்' கதையில் பாக்ஸ்டன் ரயிலேறிய பிறகும் கார்டு கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டிருப்பார், பின்னால் இன்னொருவர் ஏற வருவதுபோல. இதை மூன்று இடத்தில் வைக்கலாம்: ரயில், விடுதி வாசல், கடைசியில் சாட்சியின் வீட்டுக் கதவு. பேய்க்கான செலவும் மிச்சம்.

ஒளிமானியிடம் ஒரு கேள்வி: கடற்கரையில் மூடுபனிக்குப் புகை எந்திரம் போதுமா?

ஒளிமானி:

போதாது. மூடின தோப்புல, காத்தே இல்லாதப்ப, ஒரு எந்திரம் பத்துப் பதினைஞ்சு மீட்டருக்கு வரும். கடற்கரையில பத்து விநாடிகூட நிக்காது. இயற்கையா வர்ற பனிக்கு விடியறதுக்கு அரை மணி முன்னால போய் நில்லுங்க. வெயில் ஏறினதும் நிறுத்திட்டு உள்காட்சிக்குப் போங்க. ஆறு நாள்ல மூணு விடியற்காலை ஒதுக்கினா கடற்கரைக் காட்சி மொத்தமும் முடிஞ்சிடும். கதவைப் பிடிக்கிறவர் அந்த ஆளைக் கண்ணால தேடக்கூடாது, சாதாரணமா மரியாதைக்குப் பிடிக்கணும். நடிகர்கிட்ட இதை மட்டும் முதல்லயே சொல்லிடுங்க.

ஏட்டுக்கட்டு:

உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை. ஜேம்ஸ் இறந்தது 1936. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம், பிரிட்டனில் 70 வருடம்; இரண்டுமே முடிந்துவிட்டன, கதை எல்லோருக்கும் பொது. ஆனால் படத்தில் சேர்த்தவை பொது அல்ல. வேலை இழந்த எழுத்தர், திரும்ப வரும் டாக்டர் பிளாக், போலி ஆவிக்கூட்டம் எல்லாம் திரைக்கதையின் உரிமைக்குள் வரும். ரயில் கார்டு கதவைப் பிடிப்பது ஜேம்ஸ் எழுதியது, எடுத்துக்கொள்ளலாம். எழுதும்போது மேசையில் மூலக்கதை மட்டும் இருக்கட்டும். படங்களை இப்போதே பார்த்து முடித்துவிடுங்கள், முதல் வரைவு முடியும்வரை திரும்பப் பார்க்காதீர்கள். தமிழில் யாராவது மொழிபெயர்த்ததை வைத்து வசனம் எழுதினால் அந்த மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.