கோணம் மாறாமல் ஷேவ் செய்ய எந்த சேஃப்டி ரேசர் வாங்கலாம்? (மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது)

கோணல்கை:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கிறேன், வயது 43. இரண்டு வருடத்துக்கு முன் மழையில் பைக் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே உலோகத் தகடு (பிளேட்) வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பினால் முக்காலில் நின்றுவிடும். கோயிலில் தீர்த்தம் வாங்கத் தோளையே சாய்க்க வேண்டியிருக்கிறது, அந்த அளவுக்கு.

விஷயம் ஷேவிங். பத்து வருடமாக மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ்தான் போட்டேன். கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சின்னச் சின்னக் கொப்புளம். தோல் டாக்டர் ஒற்றை பிளேடுக்கு மாறச் சொன்னார். இணையத்தில் எழுநூறு ரூபாய்க்கு ஒரு சேஃப்டி ரேசர் வாங்கினேன். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் வகை. பெயர் வேண்டாம்.

வலது கன்னம் பரவாயில்லை. இடது கன்னத்தில் ரேசர் தடதடவென்று குதிக்கிறது. ஒரு இழுப்பு வழவழ, ரேசரைத் திருப்பி அடுத்த இழுப்பு சுருக். தாடைக்குக் கீழே தினமும் இரண்டு வெட்டு. எல்லோரும் முப்பது டிகிரி, முப்பது டிகிரி என்கிறார்கள். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்ததை மனைவி பார்த்துவிட்டாள். அதற்கு மேல் ஆராய்ச்சி நடக்கவில்லை.

கையில் ஒரு பிளேட், ரேசரில் ஒரு பிளேடு, இரண்டும் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன. கோணத்தைத் தானாகவே பிடித்துக்கொள்கிற ரேசர் ஏதாவது உண்டா? பட்ஜெட் மூவாயிரம்.

நுரைப்பித்து:
நீங்கள் கேட்பதற்கென்றே செய்த மாதிரி ஒன்று இருக்கிறது, ஹென்சன் ஏஎல்13. கனடாவில் விமான உதிரிபாகம் கடையும் பட்டறைக்காரர்கள் அலுமினியத்தில் செய்வது. தலை வளைவாக இல்லாமல் பட்டையாக இருக்கும். அந்தப் பட்டையைக் கன்னத்தில் படிய வைத்தால் பிளேடு சரியான சாய்வுக்கு வந்துவிடும். பிளேடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 0.03 மி.மீ. சொச்சம்தான், அதனால் தப்புச் செய்தாலும் பெரிதாக வெட்டாது. ஆனால் மூவாயிரத்துக்குள் புதிதாகக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ராக்வெல் 6சி-யும் நல்லதுதான். மூன்று அடித்தட்டு, இரண்டு பக்கமும் பயன்படும், ஆக மிருதுவிலிருந்து கடுமை வரை ஆறு அளவு. 1 அல்லது 2-இல் ஆரம்பித்தால் மிருதுவாக இருக்கும். ஆனால் அதன் தலை வழக்கம்போல வளைந்தது. கோணம் உங்கள் கையில்தான்.

சும்மா_ஒருவன்:
தாடி விட்டுடுங்க சார். பெங்களூருவில் பாதிப் பேர் அப்படித்தான் அலைகிறோம்.

கோணல்கை:
விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் மட்டும் நரைத்து வருகிறது. வேண்டாம்.

பீன்யா_லேத்:
வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம். நீங்கள் எழுதியதில் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. "ரேசரைத் திருப்பி அடுத்த இழுப்பு சுருக்." கை கோணலாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மோசமாக வெட்டும். ஒரு பக்கம் நல்ல பிள்ளை, மறுபக்கம் போக்கிரி என்றால் பிளேடு நேராக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ரேசரின் மூடியை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்து டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். மூடியின் இரண்டு ஓரத்திலும் பிளேடு மெல்லிய வெள்ளிக் கோடு மாதிரி தெரிய வேண்டும், இரண்டும் ஒரே அகலத்தில், முனைக்கு முனை சமமாக. மூடியின் அடியில் இருக்கும் குமிழ்களில்தான் பிளேடின் துளை மாட்டும். மலிவு ரேசரில் அந்தக் குமிழ் துளையை விடச் சின்னதாக இருக்கும். அந்த இடைவெளியில் பிளேடு ஒரு பக்கம் நழுவும், அல்லது குறுக்காகத் திரும்பும். பிளேடின் தடிமனே 0.1 மி.மீ. ஒரு பக்கம் 0.2 மி.மீ. கூடுதலாக எட்டிப் பார்த்தால் அது இரண்டு பிளேடு கனம். ஒரு பக்கம் பசுவும் மறுபக்கம் புலியும் ஆகிவிடும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முப்பது டிகிரி என்பது பிளேடின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் சாய்வு. கைப்பிடிக்கும் கன்னத்துக்கும் நடுவே இல்லை. உள்ளே பிளேடு தட்டையாக இருக்காது, அடித்தட்டின் மேட்டில் வளைந்து உட்கார்ந்திருக்கும். வளைந்தால்தான் அந்த மெல்லிய தகடு விறைப்பாக நிற்கும். 1904-இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய மெல்லிய பிளேடின் சூட்சுமம் இன்றைக்கும் அதுதான். வளைவு ரேசருக்கு ரேசர் மாறும். ஆகவே பாகைமானியை எதில் வைத்து எதை அளப்பது? பையனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எளிய வழி: மூடியின் உச்சியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நிற்கட்டும். இப்போது எதுவும் வெட்டாது. மெதுவாக இழுத்துக்கொண்டே கைப்பிடியைத் தாழ்த்திக்கொண்டு வாருங்கள். ஒரு இடத்தில் "சர்" என்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். அதுதான் உங்கள் கோணம், அதற்கு மேல் தாழ்த்தாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அல்சூர்_சலூன்:
அண்ணே, எங்கப்பா அல்சூர்ல நாற்பது வருஷம் சலூன் வைத்திருந்தார். நான் இப்போது ஐடி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடையில்தான் வளர்ந்தேன். ஒன்று சொல்கிறேன். அப்பா கத்தியில் அரை பிளேடு போட்டுத்தான் ஷேவ் செய்வார். அதில் தடுப்புக் கம்பி கிடையாது, கோணம் கொஞ்சம் பிசகினாலும் ரத்தம். ஆனால் அவர் மணிக்கட்டு ஆடி நான் பார்த்ததில்லை. தலையைத்தான் திருப்புவார். உட்கார்ந்திருப்பவர் தலையை இடது கையால் பிடித்து இப்படி, அப்படி, மேலே. கத்தி வரும் பாதை எப்போதும் ஒன்றுதான், கன்னம்தான் அதன் கீழே வந்து நிற்கும்.

நாம் கண்ணாடியைப் பார்த்தபடி தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு ரேசரை முகத்தைச் சுற்றி ஓட்டுகிறோம். அதனால்தான் இடது தாடைக்குப் போகும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. உங்கள் கை முறுக்காது, அவ்வளவுதான். மணிக்கட்டைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்துக்கொண்டு முழங்கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள், முகத்தைத் திருப்புங்கள். இடது கன்னத்துக்கு இடது கையால் ரேசர் பிடித்துப் பாருங்கள். முதல் வாரம் எல்.கே.ஜி. பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். இடது கையில் அழுத்தத் தெரியாது என்பதே ஒரு லாபம்.

சும்மா இருக்கும் கையால் தோலை இழுத்துப் பிடிக்க மறக்காதீர்கள். தாடைக்குக் கீழே வெட்டுவது பெரும்பாலும் தோல் தொங்கி மடிவதால்தான். நுரை பட்ட தோலை இழுத்தால் விரல் வழுக்கும், காதுக்குக் கீழே உலர்ந்த இடத்தில் விரல் வையுங்கள்.

பழைய_பித்தளை:
தம்பி, காசு போடுவதற்கு முன் பெட்டிக்கடைப் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள். ஜில்லெட் கார்டு என்று 2010-இல் நம் ஊருக்கென்றே விட்டார்கள். வரும்போது ரேசர் 15 ரூபாய், பிளேடு 5 ரூபாய். ஒற்றை பிளேடு, ஆனால் தலை ஆடும். கைப்பிடியை எப்படிப் பிடித்தாலும் தலை கன்னத்தோடு படிந்துகொள்ளும். உங்கள் டாக்டர் சொன்னதும் ஆயிற்று, மணிக்கட்டும் பிழைத்தது. என் அப்பாவின் பித்தளை ரேசரை வைத்திருக்கும் நானே ஊருக்குப் போனால் இதைத்தான் எடுத்துப் போகிறேன். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

நுரைப்பித்து:
ஐயா சொல்வது சரிதான். சாதாரண இரட்டை விளிம்பு பிளேடையே ஆடும் தலையில் போட வேண்டுமானால் அமெரிக்காவில் லீஃப் என்று ஒன்று விற்கிறது, உறையோடு பிளேடை நெடுவாக்கில் இரண்டாக ஒடித்து மாட்ட வேண்டும். மூன்று அரை பிளேடு வரை பிடிக்கும், இவருக்கு ஒன்றே போதும். விலை மட்டும் தலை சுற்றும்.

கோணல்கை:
பீன்யா சார், நேற்று ராத்திரி பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிளேடே தெரியவில்லை. மறு ஓரத்தில் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அதிலும் ஒரு முனையில் அதிகம். மூன்று மாதமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்! எப்படி நேராக்குவது?

பீன்யா_லேத்:
மூடியை மேசையில் குப்புற வையுங்கள். பிளேடை மாட்டி, அடித்தட்டை மேலே வையுங்கள். பிளேடின் இரண்டு குட்டைப் பக்கமும் வெளியே தெரியும், அங்கே விளிம்பு கூர் கிடையாது. அந்த இரண்டு முனையையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகுங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். சரியில்லையா, அரைச் சுற்றுத் தளர்த்தி, பிளேடை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். புது பிளேடு போடும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்தாக வேண்டும். மெர்க்கூர் மாதிரி நல்ல ரேசருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி, இந்த வேலை மிச்சமாவதற்குத்தான்.

காவிரிக்_குழாய்:
யாருமே தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லையே. ஒயிட்ஃபீல்டு என்றால் போர்வெல்லா, டேங்கரா? நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது? ரேசர் தடதடக்க உலர்ந்த நுரையும் ஒரு காரணம்.

கோணல்கை:
சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2024 கோடையில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, அப்போது அபார்ட்மெண்டில் ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரை வாளியில் பிடித்து வைக்கச் சொன்னார்கள். பாத்திரம் கழுவ, தரை துடைக்க. அந்தப் பழக்கத்தில் ஷேவிங்குக்கும் அதில்தான் ஒரு குவளை எடுக்கிறேன். நுரை ஒரு நிமிடத்தில் மோர் மாதிரி ஆகிவிடும். க்ரீம் சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றினேன்.

காவிரிக்_குழாய்:
அய்யோ! போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தை எல்லாம் ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளுவது அந்த வாளியில்தான். அது போர்வெல்லை விடக் கடினம். சோப்பு அதோடு சேர்ந்து திரிந்து பிசுக்காகும், நுரையாகாது. வழுக்கல் இல்லாத தோலில் எந்த ரேசரும் குதிக்கும். வாளித் தண்ணீர் தரைக்கே போகட்டும். ஷேவிங்குக்கு அரை டம்ளர் குடிதண்ணீர் போதும், பிரஷ்ஷை நனைக்கவும் குழைக்கவும். ரேசரை அலசுவதற்கு எந்தத் தண்ணீரும் பரவாயில்லை.

கோணல்கை:
மூன்று வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

பிளேடை நேராக்கிய அன்றே பாதி சண்டை ஓய்ந்தது. குடிதண்ணீரில் நுரை கடைசி வரை நிற்கிறது, இத்தனை நாள் நுரை என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கிறேன். சலூன் தம்பி சொன்னபடி தலையைத் திருப்புகிறேன். இடது கையால் இடது கன்னம் செய்ய முதல் நான்கு நாள் கைநடுக்கம், இப்போது வலது பக்கத்தை விட அதுதான் சுத்தமாக வருகிறது.

தாடைக்குக் கீழே வலது ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் இன்னும் சிவக்கிறது. முடி அங்கே கீழ்நோக்கி வளராமல் காதைப் பார்த்துக் குறுக்காக வளர்கிறது, இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டுத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அந்தத் திசையில் இழுக்க என் மணிக்கட்டு வராது. அந்த இடத்துக்குப் பெட்டிக்கடை கார்டு. முடிந்ததும் படிகாரம் ஒரு தடவு.

புது ரேசர் வாங்கவில்லை. ஒரே குறை, இந்தக் கைப்பிடி பென்சில் மாதிரி ஒல்லி. ஈரத்தில் விரலுக்குள் சுழன்றுவிடுகிறது, இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

பீன்யா_லேத்:
கைப்பிடியைக் கழற்றி மரையைப் பாருங்கள், பெரும்பாலும் எம்5 (5 மி.மீ. திருகு) தான் இருக்கும். பட்டறையில் 16 மி.மீ. பித்தளைக் கம்பி துண்டு கிடக்கிறது. எண்பது மி.மீ. நீளத்துக்குக் கடைந்து, வழுக்காமல் கட்டம் போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், ரேசரையும் கொண்டு வாருங்கள்.

கோணல்கை:
வருகிறேன் சார். பிளேடைக் கழற்றிவிட்டுக் கொண்டு வருகிறேன், மெட்ரோவில் செக்கிங் இருக்கிறதே.