தவணை நாள் ஆகஸ்ட் 15-இல் விழுகிறது: மாற்றுச் சீட்டை என்றைக்குக் காட்டுவது?

பெட்டிக்காரர்
அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறு தொழில் எனக்கு. பாக்கி வைத்திருந்த வாடிக்கையாளர், பணத்துக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சீட்டை (குறித்த நாளில் குறித்த தொகையைத் தரும்படி ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் உத்தரவு) மேலெழுத்திட்டு, அதாவது கையெழுத்திட்டு என் பெயருக்கு மாற்றி, கொடுத்திருக்கிறார். அவரே எழுதிய சீட்டு. அவரிடம் சரக்கு வாங்கியவர் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார். தேதி 12.5.2026, மூன்று மாதத் தவணை, தொகை 4,80,000 ரூபாய். பணம் தரும் இடமாக ஏற்றவரின் பழைய அலுவலக முகவரி சீட்டில் இருக்கிறது. அவர் இப்போது வேறு தெருவுக்கு மாறிவிட்டார். கைநிலை சரியில்லை என்றும் கேள்வி. தவணைக்கு மேல் சட்டம் தரும் சலுகை நாட்கள் மூன்றையும் கூட்டினால் தவணை சுதந்திர தினத்தில் வந்து நிற்கிறது. கேட்டால், "17-ஆம் தேதி திங்கட்கிழமை வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். போகலாமா? எந்த முகவரிக்கு?

கணக்குப்பிள்ளை
விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்தானே? திங்கட்கிழமையே போங்கள். தராவிட்டால் 138-ஆம் பிரிவில் நோட்டீஸ் விடுங்கள், அலறிக்கொண்டு வருவார்.

பழைய பில் பிரிவு
மேலே சொன்ன இரண்டும் தவறு. வங்கியில் மாற்றுச் சீட்டுகளைக் கையாளும் பில் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 25-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: தவணை நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் தரவேண்டியதாகிவிடும். அடுத்த நாள் அல்ல, முந்தைய நாள். ஆக, உங்கள் நாள் ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. அன்று அவருடைய வழக்கமான வியாபார நேரத்துக்குள் சீட்டைக் காட்ட வேண்டும். இரவு எட்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் கணக்கில் வராது.

திங்கட்கிழமை போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். ஏற்றவர் தப்பமாட்டார், அவர் கடன் அவர் தலையில்தான் இருக்கும். ஆனால் கைநிலை சரியில்லாதவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்களுக்கு உண்மையான பிடிப்பு, சீட்டை எழுதி மேலெழுத்திட்ட உங்கள் வாடிக்கையாளர்தான். உரிய நாளில் காட்டாவிட்டால், 64-ஆம் பிரிவின்படி அவர் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று கையை உதறிவிடலாம். "திங்கட்கிழமை வாருங்கள்" என்ற இனிப்பான பேச்சுக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். ஏற்றவருக்குத் தவணை நீட்டித்து எதையும் எழுதிக்கொடுத்துவிடவும் வேண்டாம்.

முகவரி விஷயத்தில், சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ அங்கேதான் முதலில் போக வேண்டும். பூட்டிக் கிடந்தாலும் போங்கள். வேலை நேரத்தில் அங்கே பணம் தர ஆளே இல்லையென்றால், காட்டியதற்குச் சமம் என்று 76-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். உடன் இருவரை அழைத்துச் செல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும்.

138 என்பது பணமின்றித் திரும்பிய காசோலைக்குத் தண்டனை தரும் பிரிவு, காசோலைக்கு மட்டும். மாற்றுச் சீட்டுக்கு அந்தப் பூச்சாண்டி கிடையாது, உரிமையியல் வழக்குதான்.

பெட்டிக்காரர்
மிக்க நன்றி ஐயா. அன்று பணம் வராவிட்டால் அடுத்து என்ன? "சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், போதும்" என்றும் ஏற்றவர் சொல்கிறார்.

வழக்கறிஞர், நீதிமன்ற வளாகம்
பெரியவர் சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். இடத்தைக் குறிப்பிட்டு "வேறெங்கும் அல்ல" என்றும் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிலைமை இன்னும் கடுமை: அங்கே காட்டாவிட்டால் 68-ஆம் பிரிவின்படி ஏற்றவரையும் பிடிக்க முடியாது.

பணம் வராவிட்டால் உங்கள் வாடிக்கையாளருக்கு நியாயமான காலத்துக்குள் மறுப்பு அறிவிப்பு (சீட்டுக்குப் பணம் கிடைக்கவில்லை என்ற தகவல்) அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தைக் கணக்கிடும்போது பொது விடுமுறைகளைக் கழித்துவிடலாம் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் சனி, ஞாயிறு போக திங்கட்கிழமை வரை இடமுண்டு. நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையே பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் சேர்த்திருப்பேன். நோட்டரியிடம் மறுப்பைக் குறித்து வாங்குவது உள்நாட்டுச் சீட்டுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் செலவு செய்யத் தகுந்தது. வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு.

பழைய பில் பிரிவு
வாட்ஸ்அப் படம் வேண்டாம். பணம் தருபவருக்குச் சீட்டையே பார்க்கும் உரிமை உண்டு. தந்த பிறகு அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. எனவே மூலச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் கையைவிட்டு நழுவவிடாதீர்கள். காசோலை நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அது பணமாகி உங்கள் கணக்கில் ஏறும்வரை சீட்டு உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.