புதுப்பிப்பு: செகண்ட் லைஃப் நிதிசேகரிப்பு நடை குறித்து

செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் புற்றுநோய்க்காக நடக்கும் ‘ரிலே ஃபொர் லைஃப்’ என்ற நிதிசேகரிப்பு நடை பற்றி எழுதியபோது, “பொம்மைக் காசு எப்படி நிஜமான உதவியாகும்?” என்று காத்தான்குடி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே புழங்கும் லிண்டன் டொலரை நிஜ டொலருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ 250 லிண்டன் ஓர் அமெரிக்க டொலராகும். ஆகவே ஒருவர் தம் அவதாருக்கு (அவ்வுலகில் தமக்காக உலவும் உருவத்துக்கு) சட்டை வாங்கும் சில்லறையும், திரளும்போது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்குச் செல்லும் நன்கொடையாகிறது.

இம்முறை நானும் நடந்தேன். அவ்வுலகின் கடிகாரம் கலிபோர்னியாவின் நேரத்தில் ஓடுவதால், அங்கே கோடையில் காலை பத்து மணி என்றால் மட்டக்களப்பின் கல்லடியில் இரவு பத்தரை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்கு நடை. பாதையோரம் நீளும் காகிதப்பை விளக்குகள் நோயால் மறைந்தவர்களின் நினைவாக வைக்கப்பட்டவை என்பதால், பெரியம்மாவின் பெயரிலும் ஒன்றை இட்டேன். பக்கத்தில் சிறகு முளைத்த பூனையொன்று அமைதியாக நின்றது (அவதார்களில் இதெல்லாம் சாதாரணம்). அது யாரென்று விசாரித்தால், தாயை இழந்த ஒருவர்.

இதேபோல மட்டக்களப்பு நோயாளருக்கும் திரட்டலாமா என்ற கேள்விக்கு என் கருத்து: திரட்டலாம், ஆனால் பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்டப் பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பொன்று முதலில் முன்வர வேண்டும், தனியாளின் வங்கிக் கணக்கை நம்பி நான் இறங்க மாட்டேன். அப்படியோர் அமைப்பில் இருப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள்.